கோன் ஆடியது, சத்தம் வரவில்லை

எடமலைப்பட்டி புதூர்
3 செப்டம்பர் 2025

நஸ்ருல்லா அவர்களுக்கு,

உங்கள் போனை நான் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. எடுத்தால் ஐந்து நிமிடத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். உங்கள் வாய் அப்படி. வாட்ஸ்அப்பிலும் பிளாக் செய்துவிட்டேன். காகிதத்தில் உங்கள் ஜாலம் கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன். அதனால்தான் கடிதம்.

'நீங்கள்' என்று எழுத வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட பழக்கம். 'நீ' என்றே எழுதுகிறேன். இந்தத் தடவை அதை மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை, என்னோடு பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கும் சின்னையன் ஸ்ரீரங்கத்தில் வாங்கிய ஃப்ளாட்டில் பால் காய்ச்சினார். ஹாலில் அவர் மகன் புதிதாக ஹோம் தியேட்டர் வைத்திருந்தான். கனத்த சத்தத்துக்கென்று இருக்கும் அந்த சப்வூஃபர் பெட்டி என்னிடம் இருப்பதைவிடச் சின்னது, அதுவும் ஒன்றே ஒன்று. எனக்குத்தான் அந்தக் கனத்த சத்தம், பேஸ், கேட்காதே என்று இட்லித் தட்டோடு வாசல் பக்கமாகவே நின்றேன். படத்தில் இடி இடித்தது, நஸ்ருல்லா. என் நெஞ்சில் இடித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது எனக்குக் கேட்டது. தட்டை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், பஸ் ஏறும் வரைக்கும்.

காவிரிப் பாலத்தில் பஸ் வரும்போதுதான் யோசித்தேன். சின்னையன் வீட்டில் கேட்கிற காது என் வீட்டில் மட்டும் ஏன் கேட்கவில்லை?

வீட்டுக்கு வந்து, மாடியில் நீ அமைத்துக் கொடுத்த ஹோம் தியேட்டர் அறைக்குப் போனேன். திரைக்குக் கீழே நீ பக்கத்துப் பக்கமாக வைத்த இரண்டு சப்வூஃபரையும் முன்னால் இழுத்தேன். பின்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். ஒன்றில் அது இடது பக்கம், இன்னொன்றில் வலது பக்கம். ஒரு பெட்டியின் முகப்பில் ஆடும் கோன் காற்றை முன்னே தள்ளும்போது மற்றதன் கோன் பின்னே இழுக்கிறது. அது தருவதை இது தின்றுவிடுகிறது. அதை ஒரே பக்கமாக நகர்த்தினேன். வீடே எழுந்து நின்றது.

பொங்கல் கழிந்து, தூசி தட்டி வயர் மாற்ற வேண்டும் என்று நீயே வந்தாய். மறுநாளிலிருந்து பேஸ் இல்லை. உன்னைக் கூப்பிட்டேன். நீ என் கையைப் பிடித்து கோன் மேல் வைத்தாய். "ஆடுது பாரு மாப்ள, நல்லாத்தானே கேக்குது?" என்றாய். கோன் ஆடியது, எனக்குத்தான் கேட்கவில்லை. ப்ளஸ் மைனஸ் மாறியிருக்குமோ என்று கேட்டேன். "நான் மாட்டினது மாறுமா?" என்று சிரித்தாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வயசாவுதுல்ல மாப்ள, ஒர்க் ஷாப் சத்தத்துலயே கிடந்த காது" என்றாய்.

காது டாக்டரிடம் ரகசியமாகப் போனேன். காதில் ஒன்றும் இல்லை என்றார். பேஸ் மட்டும் கேட்கவில்லை என்றேன், அவ்வளவு கனத்த சத்தத்தைத் தன் மெஷின் சோதிக்காது என்றார். டாக்டரை நம்பவில்லை, உன்னை நம்பினேன்.

என் வேலை உனக்குத் தெரியும். ரிப்பேர் முடிந்த இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது உள்ளே கனமாக ஒரு தட்டல் கேட்டால் நிறுத்தச் சொல்கிறவன் நான். நீ சொன்னதிலிருந்து, தட்டல் கேட்டாலும் கேட்காமல் விட்டது எத்தனையோ என்றுதான் பயந்தேன். அந்தச் சத்தத்தில் நம்பிக்கை இல்லாதவன் அங்கே நிற்கலாமா? ஜூன் மாதம் நானே எழுதிக் கொடுத்து ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாறினேன். காரணத்தைக் கட்டிய மனைவி அனுசுயாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும், உன் ஸ்பீக்கர் கடைக்கு எதிர் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். நீ டீயைக் குடித்துவிட்டு, "நல்லதுதான் மாப்ள, உக்காந்த வேலை" என்றாய்.

அந்த ஸ்விட்சை யார் நகர்த்தியது?

சித்தார்த்தன்

~

மேலப்புலிவார்டு ரோடு, திருச்சி
9 செப்டம்பர் 2025

மாப்ள சித்தார்த்தனுக்கு,

நலம். நீயும் தங்கச்சி அனுசுயாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நான் கடிதம் எழுதுவதைப் பார்த்து என் வீட்டுக்காரி ரோஷன் பேகத்துக்குச் சிரிப்பு. "சித்தா அண்ணனுக்கா? அரை மணி நேரத்துல அவங்க வீட்டுக்கே போயிட்டு வந்துடலாமே" என்றாள். நீ என் போனைக்கூட எடுப்பதில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

முதலில் ஒன்று சொல்கிறேன். உன் காது நன்றாக இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். இதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன இருக்கிறது? இதற்குப் பிரியாணி போட வேண்டும், நீ கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

ஸ்விட்ச் விஷயம் சின்ன விஷயம். அது தொட்டாலே நகரும். தூசி தட்டும்போது பிரஷ் பட்டு நகர்ந்திருக்கலாம். கடை வேலையில் நானும் கவனிக்காமல் விட்டிருப்பேன். மனிதன்தானே? முதன்முதலில் இடம் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? சப்வூஃபரைத் தூக்கி உன் சோபா மேல் உட்கார வைத்துவிட்டு, எந்த மூலையில் பேஸ் நன்றாகக் கேட்கிறது என்று நீயும் நானும் தரையில் தவழ்ந்தோமே. தங்கச்சி காபியோடு வந்து பார்த்து, "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு" என்று கத்தியது. அவ்வளவு ஆசையாக வைத்துக் கொடுத்ததை நானே கெடுப்பேனா?

தீபாவளிக்குள் ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செட் செய்து தருகிறேன். போனை எடு.

உன்
நஸ்ருல்லா

~

எடமலைப்பட்டி புதூர்
13 செப்டம்பர் 2025

நஸ்ருல்லா,

நீ என்ன சொல்கிறாய் பார்ப்போம் என்று ஒன்றை எழுதாமல் வைத்திருந்தேன். ஸ்விட்ச் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பிரஷ் பட்டு ஸ்விட்ச் நகரும், சரி. பிரஷ் டேப்பும் ஒட்டுமா? அதுவும், பிறகு உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நுனியைக் கொஞ்சம் மடித்து ஒட்டியிருந்தது. இந்தத் திருச்சியில் டேப்பின் நுனியை மடித்து ஒட்டுகிறவன் நீ ஒருத்தன்தான். உன் கடையில் எத்தனையோ நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நீ எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிரியாணி இருக்கிறது, காபி இருக்கிறது, தீபாவளி இருக்கிறது. நான் விட்ட வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நான் இப்போது ஸ்டோர்ஸில் உட்கார்ந்து கேஸ்கெட் எடுத்துக் கொடுக்கிறேன். இன்ஜின் ஓடும் சத்தம் சுவர் தாண்டி அங்கேயும் வருகிறது. கனமாகத் தட்டினால் எனக்கு நன்றாகவே கேட்கிறது. கேட்டு என்ன செய்ய?

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. மாடிப்பக்கமே வராத அனுசுயா இந்தச் சில மாதங்களாகப் படம் போட்டால் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். முறுக்கு கொண்டுவருகிறாள். சிரிப்புக் காட்சி வந்தால் என் தோளில் தட்டுகிறாள். என் காது போன விஷயத்தை நீ அவளிடம் சொல்லிவிட்டாய், பாவம் பார்க்கிறாள் என்று நினைத்துக் கூசிப்போனேன். சொன்னாயா?

இன்னொரு தடவை பொய் எழுதுவதாக இருந்தால் ஸ்டாம்பை மிச்சப்படுத்து.

சித்தார்த்தன்

~

மேலப்புலிவார்டு ரோடு, திருச்சி
20 செப்டம்பர் 2025

சித்தார்த்தா,

சரி. நான்தான் மாற்றினேன், நான்தான் டேப் ஒட்டினேன். இப்போது திருப்தியா?

ஏன் என்று கேட்கவே இல்லையே நீ. கேட்கமாட்டாய். உனக்குத் தெரியும். போன டிசம்பரில் தங்கச்சி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதது. நீ மாடியில் படம் போட்டால் கீழே கிச்சனில் டம்ளரெல்லாம் ஆடுகிறது, அது போகட்டும், நெஞ்சு படபடக்கிறது, ஏதோ கெட்ட செய்தி வரப்போகிற மாதிரியே இருக்கிறது என்று சொன்னது. உன்னிடம் எத்தனை தடவை சொல்லிவிட்டதாம். நீ என்ன செய்தாய்? என்னிடம் சத்தம் அளக்கும் மீட்டரை வாங்கிக்கொண்டு போய்க் கிச்சனில் நின்று காட்டினாய். "பாரு, மிக்ஸி சத்தம்கூட இதைவிட ஜாஸ்தி" என்றாய். நானும் அப்போது பக்கத்தில் நின்றேன்.

அந்த மீட்டரில் ஏ, சி என்று இரண்டு வழி இருக்கிறது. ஏ-யில் வைத்தால் கனத்த சத்தத்தை அது ஏறக்குறைய விட்டுவிடும், சி-யில் வைத்தால்தான் பேஸ் தெரியும். நான் உன்னிடம் கொடுத்தபோது சி-யில் இருந்தது. கிச்சனுக்குள் நுழையும் முன் உன் கட்டைவிரல் அதை ஏ-க்கு நகர்த்தியதை என் கண்ணால் பார்த்தேன். தங்கச்சிக்கு அதெல்லாம் தெரியாது. நம்பரைப் பார்த்துவிட்டு, தன் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டது.

இப்போது சொல், முதலில் ஸ்விட்சை நகர்த்தியது யார்?

உன் காதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. வேறென்ன சொல்ல? உன் கோபம் நியாயம்தான். ஆனால் உனக்கு மட்டும்தான் கோபப்பட உரிமை இருக்கிற மாதிரி எழுதாதே.

நஸ்ருல்லா

~

எடமலைப்பட்டி புதூர்
29 செப்டம்பர் 2025

நஸ்ருல்லா,

மீட்டர் விஷயம் எனக்கும் அனுசுயாவுக்கும் நடுவில் உள்ளது. அதை நான் அவளிடம் பேசிக்கொள்கிறேன். நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் ஆட்ட வேண்டாம். மனைவியை ஏய்த்தவன் என்று என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே, அந்தக் கிச்சனிலேயே வாங்கிக்கொண்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, பின்னால் வந்து என் காதைப் பறித்தாயே, அது என்ன நியாயம்?

அவளிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். அவள் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். "நஸ்ருல்லா எல்லாத்தையும் எழுதிட்டான். ரெண்டு பேரும் சேந்து என்னைய செவிடனாக்கிட்டீங்க" என்றேன். ஒன்றும் புரியாத மாதிரி பார்த்தாள்.

"நஸ்ருல்லா அண்ணனை உங்ககிட்ட பேசிப் பாக்கச் சொன்னேன், அவ்வளவுதாங்க. நீங்கதான் எனக்காகக் குறைச்சுட்டீங்களே" என்றாள்.

எவ்வளவு நடிப்பு பார். நான் குறைத்தேனாம், அதுவும் அவளுக்காகவாம். எனக்கு ரத்தம் கொதித்தது. "இத்தனை மாசம் பக்கத்துல உக்காந்து முறுக்கு குடுத்து வேடிக்கை பாத்தியா? கேக்காம முழிக்கிறவனைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சியா?" என்று கேட்டேன். இன்னும் சிலதும் சொன்னேன், அதை எழுதமாட்டேன். அவள் அடுப்பை அணைத்தாள். பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கும் அவள் அக்கா ஜோதி வீட்டுக்குப் போய்விட்டாள். போய் ஆறு நாள் ஆகிறது.

வீட்டில் ஒரு ஆள் இல்லை. மாடியில் எந்த அளவுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். வைக்கவில்லை.

உலகத்தில் இரண்டே பேர் சொன்னால்தான் நான் நம்புவேன். இரண்டு பேரும் சேர்ந்து செய்திருக்கிறீர்கள். எதிரி செய்திருந்தால் தாங்கியிருப்பேன் என்றெல்லாம் எழுத ஆசைதான், எனக்கு எதிரியே கிடையாது. உங்களோடு சேர்ந்துதான் என் நாளெல்லாம் போயிருக்கிறது.

சித்தார்த்தன்

~

மேலப்புலிவார்டு ரோடு, திருச்சி
6 அக்டோபர் 2025

சித்தார்த்தா,

உன் கடிதத்தை ரோஷன் பேகம் படித்துவிட்டாள். "தங்கச்சியை வீட்டை விட்டு அனுப்புற அளவுக்கு என்னங்க எழுதுனீங்க?" என்று கேட்டாள். நான் எழுதாமல் விட்டதைச் சொன்னேன். அதைக் கேட்டதிலிருந்து அவளும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தங்கச்சி நடிக்கவில்லை. அதற்கு ஒன்றுமே தெரியாது. "நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீங்க சொன்னா கேப்பாருண்ணே, பேசிப் பாருங்க" என்றுதான் அது கேட்டது. ஸ்விட்சைத் தொடச் சொல்லவில்லை. உன்னிடம் பேசவே எனக்கு தைரியம் வரவில்லை. அந்த இரண்டாவது சப்வூஃபர் வந்த அன்று குழந்தை மாதிரி அதைத் தடவிக்கொண்டிருந்தாயே, அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கடைசியில் மீட்டர் விஷயத்துக்குப் போய்விடுவோம், வாய்ச்சண்டை ஆகிவிடும் என்று பயந்தேன். கோழைத்தனம்தான். ஸ்விட்சை நகர்த்தினால் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை என்று தோன்றியது. நகர்த்திவிட்டேன்.

அப்புறம் தங்கச்சிக்குப் போன் போட்டேன். "பேசிட்டேம்மா. உனக்காகக் குறைச்சுக்கிறேன்னு உடனே ஒத்துக்கிட்டான். அதைப் பத்தி அவன்கிட்ட பேச்செடுக்காத, கூச்சப்படுவான்" என்று சொல்லிவிட்டேன். அது போனிலேயே அழுதது. நீ பாவம் பார்க்கிறாள் என்று நினைத்தாயே, அந்த முறுக்கும் தோளில் தட்டியதும் அதற்காகத்தான். புருஷன் தனக்காக ஆசையை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

உன் வேலையைப் பற்றி எழுதவில்லை என்று கேட்டாய். எழுத முடியவில்லை. ஒரு வாரத்தில் நீயே கண்டுபிடித்துவிடுவாய், இரண்டு பேரும் சிரிப்போம் என்றுதான் நினைத்தேன். நீ கண்டுபிடிக்கவில்லை. உன் காதைச் சந்தேகப்பட்டாய், என்னைச் சந்தேகப்படவில்லை. வேலை மாற எழுதிக் கொடுத்ததை அந்த டீக்கடையில் சொன்னாயே. அப்போதே சொல்லியிருந்தால் நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அன்றோடு நம் பழக்கம் முடிந்தது என்று தெரிந்தது. உட்கார்ந்த வேலை, வீட்டிலும் அமைதி, இவனுக்கு நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீயைக் குடித்தேன். உனக்கு எது நல்லது என்று நான் முடிவு பண்ணினேன். எனக்கு யார் கொடுத்த உரிமை அது?

உன் ஆபீசரிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னால் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைத் தங்கச்சியிடம் கொடு. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. அதைக் கூட்டிக்கொண்டு வா. அது ஒன்று நடந்தால் போதும்.

நஸ்ருல்லா

~

எடமலைப்பட்டி புதூர்
14 அக்டோபர் 2025

நஸ்ருல்லா,

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். தீபாவளிக்குத் துணி எடுக்கும் கூட்டம், பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. இதைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் மேல் தப்பில்லை. நான் மன்னிப்புக் கேட்பேன், அவள் கொஞ்சம் திட்டுவாள், சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்புவோம். வழியில் மல்லிகைப்பூகூட வாங்கினேன்.

கதவைத் திறந்தது ஜோதி அக்கா. பூவைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க. உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தா தெரியுமா? எங்க வீட்டுக்காரர் எனக்காக அவரு ஆசையா வாங்குனதையே குறைச்சுக்கிட்டாருக்கா, கேட்டதுக்கு மறுவார்த்தை பேசலைன்னு போன்ல எத்தனை தடவை சொல்லிருப்பா. ஏதோ கோவத்துல பேசிட்டீங்க, போகட்டும்" என்றார். எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை.

அனுசுயா நாற்காலியில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தாள். மீட்டர் விஷயத்தையும் என் வாயாலேயே சொன்னேன். நீ நகர்த்தியது, நான் நகர்த்தியது, எதையும் மறைக்கவில்லை. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"அப்போ நீங்க ஒரு நாள்கூடக் குறைக்கலையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். கேட்கவில்லையே என்று பேஸை இன்னும் ஏற்றித்தான் வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவும் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நீங்க திட்டினதுக்குக்கூட நான் அக்காகிட்ட ஒண்ணும் சொல்லலை. என்னமோ ஆபீஸ்ல பிரச்சினை போல, எனக்காக அவ்வளவு பண்ணவரு, வந்து கூட்டிட்டுப் போவாருன்னுதான் சொல்லிவச்சேன்" என்றாள். அப்புறம், "இத்தனை மாசமா நான் யாரு பக்கத்துலங்க உக்காந்திருந்தேன்?" என்றாள்.

நஸ்ருல்லா, நீ என் வேலையை எடுத்தாய், என் காதை எடுத்தாய். அவற்றுக்காக உன்னைத் திட்ட எனக்கு வார்த்தை இருக்கிறது. ஆனால் என் பெயரில் ஒரு நல்லவனைச் செய்து அவளிடம் கொடுத்தாயே, அதற்கு உன்னை என்ன சொல்வது? நானாக இருந்து அவளுக்கு ஒரு தடவைகூடச் செய்யாததை, நான் இல்லாமலே நீ செய்து முடித்துவிட்டாய். இனிமேல் நான் நிஜமாகவே குறைத்தாலும் அது இரண்டாம் தடவைதான். அந்த ஆளைத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆபீசரிடம் நீ வர வேண்டாம். கடிதமும் போடாதே. பூவை ஜோதி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அனுசுயா வரவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்று போனை எடுத்து உன் நம்பரைத் தேடினேன். அவள் கேட்டதற்கு என்ன பதில் சொல்லட்டும் என்று உன்னிடம் கேட்கத்தான். கண்ணில் பட்டபிறகுதான் நான் யாரைக் கூப்பிடப்போகிறேன் என்பதே உறைத்தது. இத்தனை வருடத்தில் எனக்கு வேறு யாரிடமும் கேட்கத் தெரியாது.

சித்தார்த்தன்